பறவைக் கூடுகளின் படங்களை நிறுத்துங்கள்: பறவைப் படக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பறவைப் படக் குழுக்களை நடத்துகிறவர்கள், வார இறுதியில் ஆட்களைத் திரட்டி ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறவர்கள், படப் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலரிடம் பறவைகளைப் பற்றி நான் நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சண்டைக்கு வரவில்லை. கேட்க வந்தது ஒன்றுதான்: கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவை, முட்டை, கண் திறக்காத குஞ்சு, இந்தப் படங்களை இனி உங்கள் குழுவில் ஏற்காதீர்கள், போட்டியில் பரிசு கொடுக்காதீர்கள், கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பறவைகள் கூடு கட்டும் பருவத்தை வேடிக்கை பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வருடத்தில் பறவைகளைப் பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது. எங்கே நின்று பார்ப்பது என்பதில்தான் பிரச்சினை.

இளவேனில் வந்து வெயில் ஏறி, ஏரியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் ஓரங்களில் மண் வெளியே வரும் இல்லையா, அந்த வெறும் மண்ணில் நாம் தாராளமாக நடக்கிறோம், கேமரா முக்காலியை நட்டு வைக்கிறோம். செம்மூக்கு ஆள்காட்டியும் பட்டாணி உப்புக்கொத்தியும் ஆற்று ஆலாவும் முட்டையிடுவது இப்படிப்பட்ட வெட்டவெளியில்தான். பார்த்தவுடன் கூடு என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. லேசாகக் கீறிய ஒரு குழி, ஆள்காட்டியாக இருந்தால் சுற்றிலும் சில கூழாங்கற்கள், காய்ந்த சாணித் துணுக்கு, நடுவில் மண்ணின் நிறத்திலேயே புள்ளி புள்ளியாகப் பெரும்பாலும் நாலு முட்டை. இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது. மிதித்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

மிதிக்காமல் பக்கத்தில் போய் நின்றாலே போதும், தீங்கு நடந்துவிடும், அது எப்படி என்று சொல்கிறேன். குளிர்நாட்டுப் பறவை முட்டையின் மேல் உட்கார்வது சூடு கொடுக்க. நம் பக்கத்து வெயிலில் வெட்டவெளியில் முட்டையிட்ட பறவை நண்பகலில் பெரும்பாலும் நிழல் கொடுக்கத்தான் உட்காருகிறது, அல்லது முட்டைமேல் படாமல் குனிந்து நிற்கிறது. ஆள்காட்டி தண்ணீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு திரும்பி வந்து அந்த ஈரத்தோடு முட்டைகள்மேல் உட்காரும். இதைத் தொலைவிலிருந்து பைனாகுலரில் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பொறுமையான வேலை என்று தெரியும். முட்டைக்குள் வளரும் கரு கொஞ்சம் குளிர்ந்து போனால் தாங்கிக்கொள்ளும், ஆனால் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு அதற்கு ஆபத்து. ஏப்ரல், மே வெயிலில் தரை எந்த அளவுக்குக் கொதிக்கும் என்று வெறுங்காலில் ஒரு நிமிடம் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஆறேழு பேர் ஒரு கூட்டைச் சுற்றி நின்று, ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று முறை வைத்துப் படமெடுத்து, "நாங்கள் எதையும் தொடவே இல்லையே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, உள்ளே கரு ஏற்கெனவே செத்திருக்கலாம். அது யாருக்கும் தெரியாது. பறவை திரும்பி வந்து அந்த முட்டைகள்மேல் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

ஆள்காட்டி தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்துகிறதே, உப்புக்கொத்தி இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடுகிறதே, இதையெல்லாம் நல்ல ஆக்‌ஷன் ஷாட் என்று குழுக்களில் கொண்டாடுகிறார்கள். பறவை நம்மை முட்டையிடமிருந்தோ குஞ்சுகளிடமிருந்தோ அப்பால் இழுத்துப்போகப் பாடுபடுகிறது. குஞ்சு பொரித்துவிட்டிருந்தால் இன்னும் மோசம். பெற்றோரின் எச்சரிக்கைக் குரல் கேட்டதும் குஞ்சுகள் தரையோடு தரையாகப் படுத்து அசையாமல் கிடக்கும். நாம் நிற்கிற வரைக்கும் அப்படியே கிடக்கும், வெயிலில், இரை எடுக்காமல். அப்போது நம் காலடியில்தான் இருக்கும் என்பதால் பதறிப்போய் அங்குமிங்கும் ஓடுவதும் கூடாது, வந்த வழியே, தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக வெளியேற வேண்டும்.

என்னை மிகவும் யோசிக்க வைத்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். மின்கம்பியில் சாதாரணமாகப் பார்க்கிற பச்சைப் பஞ்சுருட்டான், மண் சரிவில் வளை தோண்டி முட்டையிடுவது உங்களுக்குத் தெரியும். மிலிந்த் வாட்வேயும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வளையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் ஒரு ஆளை இரண்டு இடங்களில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். ஒரு இடத்திலிருந்து அவருக்கு வளையின் வாய் தெரியும், இன்னொரு இடத்திலிருந்து ஏதோ மறைத்துக்கொண்டிருக்கும். வளை அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவர் நின்றால் பறவை உள்ளே போகத் தயங்குகிறது, மறைந்திருக்கும் இடத்தில் நின்றால் அதிகம் போகிறது. அதாவது ஆள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்பதோடு, அவருக்கு என்ன தெரிகிறது என்பதையும் அந்தச் சின்னப் பறவை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இப்போது நம் ஆட்கள் செய்வதை நினைத்துப் பாருங்கள். வளைக்கு நேர் எதிரே, வாய் நன்றாகத் தெரிகிற கோணத்தில், பறவை அலகில் தும்பியைக் கவ்விக்கொண்டு வந்து உட்காரட்டும் என்று ஒரு குச்சியையும் நட்டுவைத்துக் காத்திருக்கிறோம். உள்ளே குஞ்சுகள் பசியோடு கிடக்க, இரையை அலகில் வைத்துக்கொண்டு பறவை கம்பியில் உட்கார்ந்து தவிக்கிறது. அந்தத் தவிப்பைத்தான் "என்ன அழகான போஸ்" என்று பகிர்கிறோம்.

அப்புறம் இந்தத் தழை வெட்டுகிற பழக்கம். தையல்சிட்டு இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்துத் தைத்து அதற்குள் கூடு வைக்கிறது. சுற்றியுள்ள இலைகள்தான் அதற்குக் கூரையும் மறைப்பும். படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்த இலைகளைக் கிள்ளிப்போட்ட கூடுகளை நானே பார்த்திருக்கிறேன், புதிதாகக் கிள்ளிய காம்பில் பால்கூடக் காயவில்லை. கிளையை நூலால் கட்டி ஒதுக்கிவிட்டுப் படமெடுத்த பிறகு அவிழ்த்துவிடுகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த நேரத்துக்குள் காக்கை பார்த்துவிட்டால் என்ன செய்வார்கள்? காக்கையும் செம்போத்தும் எங்கே ஆள் கூடுகிறது, எந்தப் பறவை பதறுகிறது என்று கவனித்துக்கொண்டேதான் இருக்கின்றன. புல்லை மிதித்து மிதித்து நாம் போடுகிற ஒற்றையடிப் பாதையிலேயே அன்று இரவு நாயோ கீரியோ வரலாம். மறுநாள் கூடு காலியாக இருந்தால் "இயற்கைதானே" என்று சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று, கூட்டைவிட்டுப் பறக்க ஓரிரு நாள் இருக்கும் குஞ்சுகள். பக்கத்தில் போனால் பயத்தில் அவை முன்கூட்டியே குதித்துவிடும். திரும்பக் கூட்டுக்குள் வைத்தாலும் பெரும்பாலும் தங்காது. பறக்க முடியாமல் தரையில் கிடக்கும் அந்தக் குஞ்சைத்தான் பிறகு யாரோ "அனாதைக் குஞ்சு கிடைத்தது, என்ன செய்யலாம்" என்று அதே குழுவில் கேட்கிறார்கள். (கேட்பவர்களுக்கு: இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிற குஞ்சென்றால் பெரும்பாலும் தாய் பக்கத்தில்தான் இருக்கும், நாய் பூனை வராத புதருக்குள் விட்டுவிட்டு நீங்கள் விலகிவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை.)

செல்போனில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பதையும் இந்தப் பருவத்திலாவது நிறுத்துங்கள். ஆண் பறவை தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறது. இரை தேட வேண்டிய நேரம், இணையோடும் குஞ்சுகளோடும் இருக்க வேண்டிய நேரம் அதில் போகிறது. ஒரு குழு போனதும் அடுத்த குழு வந்து அதே குரலைப் போடுகிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரிவதே இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி பிடித்தால்தான் வேட்டை என்றில்லை. பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலில் உள்ள அரிய பறவைகளைக் கூடு கட்டும்போதோ கூட்டுக்கு அருகிலோ வேண்டுமென்றே தொந்தரவு செய்வதே குற்றம். வழக்குக்குப் பயந்து யாரும் மாற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் குழு நடத்துகிற உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, கூட்டுப் பக்கம் போகாமல் என்னத்தைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். இதற்குத்தான் நான் அதிகம் எழுத ஆசைப்படுகிறேன்.

கூட்டைக் கண்ணால் பார்க்காமலேயே கூடு இருக்கிறதென்று உறுதியாகச் சொல்ல முடியும். பறவை அலகில் நாரோ சுள்ளியோ எடுத்துக்கொண்டு போகிறதா, இரையை விழுங்காமல் கவ்வியபடி ஒரே திசையில் திரும்பத் திரும்பப் பறக்கிறதா, புதரிலிருந்து வெளியே வரும்போது வெள்ளையாக ஒரு சின்னப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு வந்து தூரத்தில் போடுகிறதா, அது குஞ்சின் எச்சம், மெல்லிய சவ்வுப் பைக்குள் வரும், கூடு சுத்தமாக இருக்கவும் அங்கே குஞ்சு இருப்பது தெரியாமலிருக்கவும் பெற்றோர் அதை எடுத்துப்போய் அப்புறப்படுத்துகின்றன. இதையெல்லாம் ஐம்பது அடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்க்கலாம். பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளமான ஈபேர்டில் பட்டியல் பதிவு செய்கிறவர்களுக்கு இனப்பெருக்கக் குறியீடுகள் என்று ஒரு வசதி உண்டு. பாடுகிற ஆண், இணையாகத் திரிவது, கூட்டுப்பொருள் சுமப்பது, இரை சுமப்பது, எச்சப்பை சுமப்பது, இறக்கை ஒடிந்ததுபோல் நடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. ஒரு இனம் அந்த இடத்தில் இனப்பெருக்கம் செய்வது சாத்தியமா, அநேகமா, உறுதியா என்று அதை வைத்தே பிரிக்கிறார்கள். ஒரு கூட்டுப் படத்தைவிட இந்தக் குறிப்பு ஆய்வுக்கு எவ்வளவோ மேல். நம் குழுக்களில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன, எந்த மாதம் எந்த ஏரியில் எந்தப் பறவை கூட்டுப்பொருள் சுமந்தது என்று கேட்டால் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்?

முக்குளிப்பானைப் பாருங்கள். தண்ணீர்மேல் மிதக்கிற பாசிக் கூட்டில் முட்டையிடுகிறது. கூட்டைவிட்டு இறங்கும்போது ஈரத் தழைகளை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும். நாம் திடீரென்று கிட்டப் போனால் மூட நேரமில்லாமல் தண்ணீருக்குள் பாய்ந்துவிடும், முட்டைகள் திறந்து கிடக்கும். கரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது நிதானமாக மூடுவதையும், திரும்பி வந்து விலக்குவதையும், பிறகு ஒரு நாள் வரிவரியான குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போவதையும் பார்க்கலாம். முதுகில் குஞ்சோடு நீந்துகிற அந்தப் படத்தை எடுங்கள், தாராளமாகப் போடுங்கள், கரையிலிருந்து எடுத்ததாக இருந்தால் நானும் விருப்பக்குறி போடுகிறேன்.

தாமரையும் அல்லியும் படர்ந்த குளத்தில் நீளவால் இலைக்கோழி இருந்தால் மழைக்காலத்தில் அதைத் தொடர்ந்து கவனியுங்கள். அங்கே அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண். பெண் ஒரு ஆணிடம் முட்டையை விட்டுவிட்டு அடுத்த ஆணோடு போய்விடும். எது ஆண், எது பெண், யார் யாரை விரட்டுகிறார்கள் என்று புரியவே பல நாள் ஆகும். அந்தப் பல நாளும் சந்தோஷம்தான்.

தூக்கணாங்குருவியைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் முக்கியமானது இப்படி உட்கார்ந்து பார்த்ததால்தான் தெரிய வந்தது. பறவையியலாளர் சாலிம் அலி 1930-இல் மும்பைக்கு அருகே கிகிம் என்ற கடலோரக் கிராமத்தில் அவற்றின் கூட்டங்களை மறைவிலிருந்து நாள்கணக்கில் கவனித்தார். ஆண் கூட்டைப் பாதி கட்டி வைத்துவிட்டு இறக்கையடித்துப் பெண்ணை அழைக்கிறது, பெண் வந்து ஆராய்ந்து பிடித்திருந்தால் உள்ளே குடியேறுகிறது, அதன் பிறகுதான் கூடு முழுமையாகிறது, பிறகு அதே ஆண் இன்னொரு கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண்ணை அழைக்கிறது. அவரிடம் இன்று நம் கையில் இருக்கிற லென்ஸ் எதுவும் இல்லை. இருந்தது பொறுமையும் ஒரு மறைவும். நம்மில் எத்தனை பேர் ஒரு பனை மரத்தடியில் கூடுகளை எண்ணியிருக்கிறோம், பாதியில் கைவிட்ட கூடு எத்தனை என்று குறித்திருக்கிறோம்? பறவைகள் விட்டுப்போன கூடு என்று நினைத்து அலங்காரத்துக்குப் பறித்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள், அது தனிக் கதை.

தள்ளி நின்று பார்த்தால் திருப்தி இருக்காது என்று சொல்கிறவர்கள் வேடந்தாங்கலுக்குப் போய்ப் பாருங்கள். ஏரிக்கரையில் நடந்தும் காட்சிக் கோபுரத்தில் ஏறியும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், மரங்கள் தண்ணீருக்கு நடுவில். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் பாம்புத்தாராவும் கூட்டுக்குப் போவது, வருவது, குஞ்சு பெற்றோரின் வாய்க்குள் தலையை விடுவது எல்லாமே அங்கிருந்தே தெரிகிறது. அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே அன்றைய ஆட்சியிடம் பாதுகாப்பு கேட்டுப் பெற்றதாகப் பதிவு இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே ஊரார் விட்டுவிட்டார்கள். அவர்கள் அவ்வளவு செய்திருக்கும்போது, நம்மால் ஒரு வகைப் படத்தை விட்டுக்கொடுக்க முடியாதா?

உங்களில் சிலர் சொல்லப்போகும் பதிலும் எனக்குத் தெரியும். "நான் 600 எம்எம் லென்ஸில் தூரத்திலிருந்துதான் எடுத்தேன், பறவை அசையவே இல்லை." இருக்கலாம், நம்புகிறேன். ஆனால் அந்தப் படத்துக்கு விழுகிற பாராட்டைப் பார்த்து அடுத்த வாரம் போகிறவரிடம் 600 எம்எம் இருக்காது, செல்போன் இருக்கும், அவர் கூட்டுக்கு மூன்றடி பக்கத்தில் போவார். எடுத்தவர் கவனமானவரா இல்லையா என்று படத்தைப் பார்த்து அட்மினால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் தனி ஆளின் நேர்மையை நம்பாமல் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி வேண்டும் என்கிறேன். பறவைப் படக் குழுக்கள் சில ஏற்கெனவே கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று விதி வைத்து நடத்துகின்றன. விழிப்புணர்வுக்காகப் போடுகிறோம் என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டுப் படத்தைப் பார்த்து மக்களுக்கு வருகிற முதல் கேள்வி "இது எங்கே சார்?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள், தனிச்செய்தியிலும் சொல்லாதீர்கள். படத்தின் கோப்பிலேயே இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டு வரும், அதை நீக்கிவிட்டுப் பகிரச் சொல்லுங்கள். ஈபேர்டே ஆபத்திலிருக்கும் சில இனங்களின் இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைத்துவிடுகிறது. நாமோ வாட்ஸ்அப்பில் மேப் இணைப்போடு, "வலது பக்கம் மூன்றாவது வேலமரம்" என்று வழியும் சொல்லி அனுப்புகிறோம்.

குழுவாக அழைத்துப் போகும்போது தண்ணீர் இறங்கிய ஏரிப்படுகைக்குள் இறங்க வேண்டாம், கரைமேலேயே நடங்கள். எந்தப் பறவையாவது தலைக்கு மேலே கத்திக்கொண்டு வட்டமடித்தால் அங்கே நின்று விளக்கம் சொல்லாமல் முதலில் எல்லோரையும் நகர்த்துங்கள், விளக்கத்தை அப்புறம் சொல்லலாம். ட்ரோன் வேண்டவே வேண்டாம், நாரைக் கூட்டம் ஒட்டுமொத்தமாகக் கூட்டைவிட்டு எழுந்தால் அந்த இடைவெளியில் காக்கைகள் முட்டைகளைத் தூக்கிவிடும். குழந்தைகளை அழைத்து வாருங்கள், தயவுசெய்து அழைத்து வாருங்கள், அவர்கள் கையில் கேமராவுக்குப் பதில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து எந்தப் பறவை எதைக் கவ்விக்கொண்டு எந்தப் பக்கம் போனது என்று எழுதச் சொன்னால் பெரியவர்களைவிட நன்றாகக் கவனிப்பார்கள்.

அடுத்த பயணத்துக்கோ போட்டிக்கோ அறிவிப்பு போடும்போது "கூடு, முட்டை, கூட்டிலிருக்கும் குஞ்சு ஆகியவற்றின் படங்கள் ஏற்கப்படமாட்டாது" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். பழைய படங்களையும் எடுத்துவிட்டால் நல்லது. தெரியாமல் போடுகிற புதியவரைத் திட்டாமல் காரணத்தைச் சொல்லி நீக்குங்கள், பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். உங்கள் குழு இதை ஏற்றுக்கொண்டால் இந்தப் பருவம் முழுக்க வார இறுதிகளில் உங்களோடு வந்து, கரையிலிருந்தே எப்படிக் கவனிப்பது, குறியீடுகளை எப்படிப் பதிவு செய்வது என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் தயார். தூரத்துப் பறவையைப் பார்க்கும் ஸ்கோப்பை நானே எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
ஏரிக்கரையில் உங்களோடு நடக்கும் ஒரு பறவை நோக்கர்